நாற்பத்திரண்டாவது ஆள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையிலிருந்து வரவில்லை, நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. 1996-இல் கோலாலம்பூரில் ஒரு தமிழ் வார இதழில் கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். 'நிறையும் குறையும்' என்பது பத்தியின் பெயர். ஆசிரியருக்குக் கம்ப்யூட்டர் என்றால் டிவி வைத்த டைப்ரைட்டர் என்ற அளவில்தான் தெரியும். எனக்கு அவரைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தத் தைரியத்தில் எழுதினேன்.

அந்த வருடக் கடைசியில் 'கிடங்கு 9' என்றொரு சுடும் விளையாட்டு வந்தது. மூன்று டிஸ்கெட். திரையின் அடியில் துப்பாக்கி பிடித்த ஒரு கை தெரியும், அது நம் கை. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்குக்குள் நுழைந்து, கடத்தல்காரர்களைச் சுட்டு, கடைசிக் கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். கிள்ளானில் ஒரு தமிழர் தனி ஆளாகச் செய்தது என்று சொன்னார்கள். நான் எழுதியதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அப்படியே தருகிறேன்:

"நிறை: குண்டுகள் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் மிச்சக் குண்டை எண்ணிப் பார்த்துத்தான் நுழைய வேண்டும். பெரிய கம்பெனி விளையாட்டுகளில் இல்லாத பயம் இதில் இருக்கிறது. கிடங்கு நேரில் பார்த்தது போலவே இருக்கிறது.

குறை: எதிரிகள் எல்லோருக்கும் ஒரே முகம். அதிலும் பாதி முகம் இருட்டு. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதுகூட இவருக்குத் தெரியவில்லை. எதிரியின் அலறலுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்கிறது. ஒலிப்பதிவில் அத்தனை அலட்சியம்! கடைசிக் கதவின் முன் நிற்கும் காவலாளி மட்டும் வேறு முகம், நடந்தால் சாவிக்கொத்துச் சத்தம். அவனை எத்தனை தடவை சுட்டாலும் சாவதில்லை. ஆகவே விளையாட்டை முடிக்க முடியவில்லை. வாங்கிய காசு தண்டம்."

'தண்டம்' என்று எழுதி முடித்துவிட்டு ஒரு டீ குடித்தேன். அவ்வளவு திருப்தி எனக்கு.

போன வாரம், அதாவது 1999 டிசம்பர் மூன்றாம் வாரம், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அந்த விளையாட்டைச் செய்தவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். என் பெயரைச் சொல்லி, "நீங்கதானே அண்ணே?" என்றார். இலையில் சோறு காய்ந்து போகிற வரை பேசினார். அவர் சொன்னதை எழுதுகிறேன். சொல்லாமல் விட்டதை நானே இட்டுக்கட்டுகிறேன். எது எது என்று பிரித்துக் காட்டமாட்டேன். எழுந்து போகும்போது ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை உட்கார விடாமல் எழுத வைக்கிறது. அது வரவேண்டிய இடத்தில் வரும்.

2

எங்கே தொடங்குவது?

"கிள்ளான் ஆற்றின் மேல் மஞ்சள் வெயில் சரிந்துகொண்டிருந்த அந்த மாலையில் —" வேண்டாம். ஆற்றுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"டுமீல்!" ஐயோ, வேண்டவே வேண்டாம்.

"கார்த்திகேசுவுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது." இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

கார்த்திகேசுவுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருடமாக அண்ணன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து கிடங்கைக் கட்டி முடித்திருந்தான். சுவர் இருந்தது, மரப்பெட்டிகள் இருந்தன, இருட்டு இருந்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய பொம்மைத் துப்பாக்கிக்குக் கறுப்பு ஷூ பாலிஷ் போட்டுப் படமெடுத்தாயிற்று. பிஸ்கட் டின் மூடியைச் சுவரில் அடித்து வெடிச் சத்தமும் பிடித்தாயிற்று. சுடப்படுவதற்குத்தான் ஆளில்லை. கூலி கொடுத்து ஆள் பிடிக்க வக்கில்லை. வீட்டில் ஆண்கள் இரண்டே பேர். ஒருவன் கேமரா பிடிக்க வேண்டும்.

ஆகவே அண்ணன் சிவகுருநாதன். சுங்கத் துறை அதிகாரி. கிடங்கு கிடங்காகப் போய்ச் சரக்கைச் சோதிக்கிற உத்தியோகம். விளையாட்டிலுள்ள கிடங்கின் வரைபடமே ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில் அவர் பேனாவால் போட்டுக் கொடுத்ததுதான். இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. அவர் வாசலில் வரும்போது சமையலறை வரைக்கும் கேட்கும்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் மெத்தையைப் போட்டார்கள். அந்தத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பக்கமும் திரும்பித் திரும்பி நின்றார், நடந்தார் அண்ணன். பிறகு விழ வேண்டும். குண்டு படுவது, முட்டி மடங்குவது, சாய்வது, சரிவது, கிடப்பது என்று ஐந்து படம்.

"மெத்தையைத் திருப்பிப் போடுங்க தம்பி. வடக்க தலை வச்சுக் கிடக்கக் கூடாது" என்றாள் அண்ணி குணபூசணி.

"ஜன்னல் அந்தப் பக்கம்தானே அண்ணி இருக்கு? திருப்பினா மூஞ்சில பாதி இருட்டாயிடும்."

"நான் என்ன தூங்கவா போறேன்? விழுந்து எந்திரிக்கப் போறேன். வடக்கு தெக்கு எல்லாம் தூங்குறவனுக்குத்தான் லா" என்றார் அண்ணன்.

விழுந்தார். அட, என்னமாய் விழுந்தார்! ஆபீஸில் வாய் திறக்காத மனிதர் நாலு தடவை விழுந்து, நாலு தடவையும் எழுந்து, "இது சரியா, இன்னொண்ணு போடவா?" என்று கேட்டார். சாவிக்கொத்துச் சத்தத்தையும் அலறலையும் கேசட்டில் பிடித்துக்கொண்டான் தம்பி. நாற்பத்திரண்டு எதிரிகளுக்கும் அதே முகம், அதே சாவி, அதே சாவு.

[இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.]

3

இங்கே ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதில் கடத்தல்காரர்கள் சிவகுருநாதனைச் சுட்டுவிட்டார்கள். சுடும் விளையாட்டில் நடித்தவருக்குக் குண்டடி! எழுதும்போது எனக்கே புல்லரித்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. உண்மையில் துப்பாக்கியே இல்லை. அவர் விழுந்தார், அவ்வளவுதான்.

அக்டோபர் மாதம் செவ்வாய்க்கிழமை காலை, கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு தனியார் கிடங்கு. மேல் அடுக்கிலிருந்த பெட்டியின் எண்ணைப் பார்க்க ஏணியில் ஏறியவர், இறங்கும்போது கால் தவறிச் சிமெண்டுத் தரையில் பின்னந்தலை அடிபட விழுந்தார். தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டது. அன்று மாலையே ஆபரேஷன். கண் திறக்கவில்லை. "ரெண்டு மூணு நாள் பார்க்கணும்" என்றார் டாக்டர். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே கார்த்திகேசுவும் அண்ணியும் நின்றார்கள். அந்தக் கதவில் கைப்பிடி வெளிப்பக்கம் இல்லை. உள்ளேயிருந்து யாராவது திறந்தால்தான் உண்டு.

புதன்கிழமை கிஃபாயத்துல்லா போன் செய்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். 'கிடங்கு 9'-ஐ வாங்கி விற்பதாக ஒப்புக்கொண்ட ஒரே ஆள்.

"அண்ணனுக்காக துஆ கேக்குறேன் தம்பி. ஆனா என் நெலமையும் பாருங்க. சனிக்கிழமை காலையில டிஸ்கெட் அடிக்கிற எடத்துக்கு அனுப்பணும். அடுத்த வாரம் கம்ப்யூட்டர் ஃபேர். அதை விட்டா இந்தச் சரக்கை ஒருத்தனும் சீண்ட மாட்டான். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துடுங்க. ஒரு தடவை முழுசா விளையாடிப் பாத்துட்டுக் கொண்டு வாங்க."

முழுசா என்றால் நாற்பத்திரண்டு பேர்.

மதியம் ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து பின்னறையில் உட்கார்ந்தான். செய்யாவிட்டால் இரண்டு வருடம் போச்சு. செய்தால்? ஸ்பீக்கரில் சாவிக்கொத்துச் சத்தம் வந்தது. இடது பக்கத் திருப்பத்திலிருந்து அண்ணன் வந்தார். விரல் நகரவில்லை. அண்ணன் சுட்டார், திரை சிவந்தது. விளையாட்டுதானேடா என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு பட்டனை அமுக்கினான். முட்டி மடங்கியது, சாய்ந்தார், சரிந்தார். அடுத்த திருப்பம். மறுபடியும் சாவி.

"வந்துட்டீங்களா?"

அண்ணியின் குரல். குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு போக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள். வாசலில் கால் வைக்கும்போதே சாவிச் சத்தம் கேட்டிருக்கிறது. செருப்போடு ஓடி வந்து பின்னறை வாசலில் நின்றாள். அவள் முகத்தில் அந்த ஒரு நொடி இருந்த சந்தோஷத்தைத் தன்னால் மறக்க முடியவில்லை என்றார் கார்த்திகேசு. பிறகு அவள் திரையைப் பார்த்தாள். வடக்கே தலை வைத்துக் கிடந்தார் அவள் புருஷன்.

காலில் கிடந்த செருப்பை அப்போதுதான் கழற்றினாள்.

"எத்தனை பேரு இதுல?"

"நாப்பத்திரண்டு, அண்ணி."

"எல்லாமே இவர்தானா?"

அவன் திரையை அணைத்தான்.

"எத்தனை பேரு வாங்குவாங்க?"

"ஐநூறு... ஐநூறு அடிக்கப் போறாங்க."

"ஐநூறு வீட்டுல" என்றாள் குணபூசணி. அப்புறம், "எடுத்துடுங்க தம்பி. படிச்சவ இப்படிப் பேசுறாளேன்னு நெனைச்சாலும் சரி. அவர் அங்க அப்படிக் கிடக்கும்போது இந்த மூஞ்சி இதுல விழக் கூடாது."

"வெள்ளிக்கிழமைதான் அண்ணி கொடுக்கணும். வேற மூஞ்சிக்கு நான் எங்க —"

அண்ணியின் சேலையில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது.

4

குணபூசணியை நான் நம்பவில்லை. என் பாத்திரம்தான், இருந்தாலும் நம்பவில்லை. இப்படியா ஒருத்தி நிதானமாக இருப்பாள்? கோபப்பட்ட குணபூசணி ஒருத்தியை எழுதிப் பார்த்தேன். அவள் கம்ப்யூட்டரைத் தூக்கித் தரையில் போட்டு உடைக்கிறாள். [நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உடைத்துவிட்டால் எனக்குக் கதை இல்லை.] அழுது புரளும் குணபூசணியும் வந்தாள். அவள் என்னையே முறைத்துப் பார்த்து, "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டாள். ஆகவே கார்த்திகேசு சொன்ன குணபூசணியையே வைத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. பார்வை நேரத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

"என் மூஞ்சியையே போட்டுக்கறேன் அண்ணி. ஆனா கேமரா பிடிக்க —"

"நான் பிடிக்கிறேன். என்ன அமுக்கணும்னு சொல்லுங்க."

மெத்தையை அவளே இழுத்து வந்தாள். வடக்கு பார்த்துக் கிடந்ததை முட்டியால் தள்ளித் தெற்கு பார்க்கத் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சம் அவன் முதுகுப் பக்கம் போய்விட்டது. முகத்தில் பாதி இருட்டு. அவனுக்கு அது தெரியும். வாயைத் திறக்கவில்லை. [என் குறைப் பட்டியலில் இது இரண்டாவது.]

அண்ணனின் அலறலையும் மாற்ற வேண்டும். தனியாகப் பதிய நேரமில்லை. டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் ஓடவிட்டார்கள். அவன் எட்டுப் பக்கமும் நின்றான். விழுந்தான். முதல் தடவை பயந்து பயந்து விழுந்ததில் படம் சரியில்லை.

"இன்னொரு தடவை" என்றாள் அண்ணி, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாம் தடவை கத்திக்கொண்டே பொத்தென்று பின்னால் சாய்ந்தான். மெத்தையைத் தாண்டித் தலை தரைக்குப் போயிற்று. "தலை! தலை!" என்று அண்ணி அலறினாள். அப்படியும் பட்டனை அமுக்கிவிட்டாள். தலை அடிபடவில்லை, நூலிழையில் தப்பித்தது. கேசட்டில் அந்தக் குரல் ஏறிவிட்டது. [மூன்றாவது குறை. நான் 'அலட்சியம்' என்று எழுதியது இதைத்தான். தயவுசெய்து இந்த வரியைக் கடந்து போய்விடுங்கள்.]

கடைசிப் படத்துக்கு அசையாமல் கிடக்க வேண்டும். கிடந்தான். கண்ணை மூடியதும் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. அண்ணா, அண்ணா என்று வந்தது வாயில்.

"ஆடாதீங்க தம்பி. ஒரே ஒரு படம் பாக்கி" என்றாள் குணபூசணி. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கேமரா சொடுக்கியது. அதற்குப் பிறகுதான் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

5

படம் கழுவி, சுபாங் ஜெயாவில் ஒரு நண்பனின் ஆபீஸில் ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டி, வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நாற்பத்தொரு பேரின் படத்தையும் சத்தத்தையும் மாற்றியிருந்தான். மிச்சம் ஒருவர். மூன்றாம் கட்டத்தில், கடைசிக் கதவின் முன் நிற்கும் காவலாளி. அண்ணனின் படங்கள் மொத்தத்தையும் அழித்துவிட்டு, அந்தக் காவலாளியின் இடத்திலும் தன் படங்களைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

அழிக்கச் சொல்லிக் கட்டளை அடித்தான். கம்ப்யூட்டர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டது. நிச்சயமா? ஆம், இல்லை.

போன் அடித்தது.

"தம்பி," அண்ணிதான், "திரும்பவும் உள்ள கொண்டு போறாங்க. மறுபடி ரத்தம் கட்டுதாம். கையெழுத்துக் கேட்டாங்க, போட்டுட்டேன்."

"நான் இப்பவே வரேன்."

"வந்து என்ன செய்யப் போறீங்க? அந்தக் கதவுக்கு வெளிய நிக்கத்தான். அதை நான் நிக்கிறேன். நீங்க முடிச்சுக் கொடுத்துட்டு வாங்க. அவர் கண்ணு முழிச்சா மொத கேள்வியே அதாத்தான் இருக்கும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். திரையில் அந்தக் கேள்வி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. நிச்சயமா? இந்த நேரத்திலா? அண்ணனை அங்கே உள்ளே கொண்டு போகிற இந்த நிமிடத்திலா 'ஆம்' என்று அடிப்பது? 'இல்லை' என்று அடித்தான். விழுகிற ஐந்து படங்களை மட்டும் தேடி எடுத்து அழித்தான். நிற்கிற படங்களும் நடக்கிற படங்களும் அப்படியே இருந்தன, சாவிக்கொத்தும் இருந்தது. துப்பாக்கியையும் அண்ணனின் கையிலிருந்து எடுத்துவிட்டான். இனி அந்த முகத்துக்கு விழத் தெரியாது. பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து இன்னும் சில வரிகள் எழுதிச் சேர்த்தான். [என்ன வரிகள் என்று கேட்டேன். சொல்லவில்லை.]

ஐந்து மணிக்குக் கிஃபாயத்துல்லாவின் கடை. கட்டங்களைத் தாண்டிப் போக கார்த்திகேசு வைத்திருந்த குறுக்கு வழிச் சொல்லை அவர் அடித்து நேராக மூன்றாம் கட்டத்துக்குப் போனார். கடைசிக் கதவு வந்தது. சுட்டார். சுட்டார். குண்டு தீர்ந்தது.

"என்ன தம்பி இது? இவன் சாக மாட்டேங்கறானே!"

"புரோகிராம்ல பக் அண்ணே."

"பக்குன்னா திருத்துங்க லா! கதவு தெறக்கலைன்னா ஆட்டம் எப்படி முடியும்?"

"முடியாது அண்ணே. திருத்த முடியாது."

கிஃபாயத்துல்லா அவன் முகத்தைப் பார்த்தார். மூன்று நாள் தாடி, சிவந்த கண். திரையில் நிற்கிற முகத்தையும் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே மூக்கு. அவர் முட்டாள் இல்லை.

"பத்திரிகைக்காரன் கிழிச்சுத் தொங்க விடுவான்" என்றார் மெதுவாக.

"கிழிக்கட்டும் அண்ணே."

"சரி, கொடுங்க. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறீங்க? இருங்க, வண்டியை எடுக்கிறேன்."

கிழித்தவன் நான்.

6

முடிவு கேட்பீர்கள். இரண்டு வைத்திருந்தேன்.

முதல் முடிவில், கிஃபாயத்துல்லாவின் வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. கார்த்திகேசு படியேறி ஓடுகிறான். கதவு திறக்கிறது, அண்ணி சிரித்துக்கொண்டு — வேண்டாம். எனக்கு நானே பாவமன்னிப்பு வாங்கிக்கொள்வது மாதிரி இருக்கிறது.

இரண்டாவதில் கதவு திறக்கிறது, அண்ணி சிரிக்கவில்லை — இதையும் எழுத மாட்டேன். எழுத என் கை வராது.

ஏன், அவரையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஒரு மணி நேரம் எதிரில்தானே உட்கார்ந்திருந்தார்! கேட்க வாய் வரவில்லை, ஐயா. அவருடைய அண்ணன் சாவதில்லை என்பதைக் குறையென்று அச்சில் போட்டவன் நான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அண்ணன் பிழைத்தாரா என்று கேட்பது?

கை கழுவிவிட்டு வந்தவர் நின்றுகொண்டே கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார்.

"அந்தக் கடைசிக் கதவுகிட்ட எத்தனை தடவை சுட்டீங்க?"

"நாப்பது, அம்பது இருக்கும்."

"சுடாம நின்னு பாத்தீங்களா அண்ணே?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் ஆறு நாளில் 2000 பிறக்கிறது. பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் அன்றோடு நின்றுவிடும் என்று பேப்பரில் பயமுறுத்துகிறார்கள். கட்டிலுக்கடியில் கிடந்த என் பழையதை இன்று காலை இழுத்துத் துடைத்து மாட்டினேன். மூன்று டிஸ்கெட்டையும் அது படித்தது. நாற்பத்தொரு தடவை கார்த்திகேசுவைச் சுட்டேன். நாற்பத்தொரு தடவை ஒரு பெண் "தலை! தலை!" என்று பதறினாள். இந்தத் தடவை அது தெளிவாகவே கேட்டது. இப்போது கடைசிக் கதவின் முன் நிற்கிறேன். சாவிக்கொத்துக் குலுங்க நடந்து வந்து சிவகுருநாதன் எதிரில் நிற்கிறார். அவர் கையில் துப்பாக்கி இல்லை. அன்றும் இருந்திருக்காது, நான்தான் கவனிக்கவில்லை. அந்தக் கதவிலும் நாம் நிற்கிற பக்கம் கைப்பிடி இல்லை.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. அவரும் அசையவில்லை, நானும் அசையவில்லை. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த அண்ணிக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பதினேழாவது நிமிடம் எனக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன்.

நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். கீபோர்டில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் சமையலறையில் இருக்கிறேன். டீத்தண்ணீர் கொதிக்கிறது. அவர் நகர்ந்தால் சாவிக்கொத்துச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கும்.